கேஸுக்கு மாறியாச்சு, உலை மாறுச்சா?

"நாங்க கேஸுக்கு மாறிட்டோம்"னு ஒரு தொழிற்சாலை வாசல்ல போர்டு வச்சிருந்தா, நம்மாளு பாதிப் பேரு அதோட கைதட்டிட்டுப் போயிடுவாங்க. புகை வரல, கரி இல்ல, வானம் நீலமா இருக்கு, அப்புறம் என்ன? எனக்கு அந்த போர்டைப் பாத்தா ஒரே ஒரு கேள்விதான் வருது. எரிபொருளை மாத்தினீங்க சரி, அதை எரிக்கிற உலையை மாத்தினீங்களா?

உனக்கு ஏண்டா இந்தக் கவலைன்னு கேக்குறவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. (கொசுவத்தி ரொம்ப சுத்த மாட்டேன், பயப்படாதீங்க.) அடியேன் நொய்டாவுல பொட்டி தட்டுற கோஷ்டி. படிச்சது என்னமோ மெக்கானிக்கல். நாலு வருஷம் தெர்மோடைனமிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர்னு மண்டை காய்ஞ்சிட்டு, கேம்பஸ்ல ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்கே எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்ட லட்சக்கணக்கான புண்ணியவான்கள்ல நானும் ஒருத்தன். என் ரூம்மேட் அதே காலேஜ், அதே பேட்ச். அவன் மட்டும் விவஸ்தையா படிச்ச வேலைக்கே போனான். எனர்ஜி ஆடிட். தொழிற்சாலை தொழிற்சாலையா போய் எங்க எவ்வளவு வெப்பம் வீணாப் போகுதுன்னு அளக்குற வேலை. ராத்திரி சாப்பாட்டு நேரத்துல அவன் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பழைய ஜுரம் திரும்பிருச்சு. அந்த ஜுரத்தோட விளைவுதான் இந்தப் பதிவு. எல்லாம் ஃபிரோசாபாத்தைப் பத்தி.

ஃபிரோசாபாத் தெரியுமில்ல? ஆக்ராவுல இருந்து நாப்பது கிலோமீட்டர் சொச்சம். வட இந்தியாவுல கல்யாணப் பொண்ணு கையில குலுங்குற கண்ணாடி வளையல்ல பெரும்பாலானது அந்த ஊர்ல உருகினதுதான். ஒரு காலத்துல ஊர் முழுக்க நிலக்கரி உலை. பக்கத்துல தாஜ்மகால். கந்தகப் புகை பட்டா பளிங்கு என்ன ஆகும்னு எழுபதுகள்ல மதுரா சுத்திகரிப்பு ஆலைத் திட்டம் வந்தப்பவே பேச்சு ஆரம்பிச்சிருச்சு. அதை ஆராயறதுக்குப் போட்ட நிபுணர் குழுவுக்குத் தலைவர் எஸ். வரதராஜன், குழு அறிக்கை கொடுத்தது 1978ல. அப்புறம் வக்கீல் எம்.சி. மேத்தா 1984ல சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பன்னெண்டு வருஷம் இழுத்து, 1996 டிசம்பர் 30ஆம் தேதி தீர்ப்பு வந்துச்சு. தாஜைச் சுத்தி பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல ஒரு சரிவக வடிவப் பகுதி, அதுக்குள்ள நிலக்கரி, கோக் எரிக்கக் கூடாது. தீர்ப்புல பட்டியல் போட்ட 292 தொழிற்சாலைகளும் ஒண்ணு இயற்கை எரிவாயுவுக்கு மாறணும், இல்ல இடத்தைக் காலி பண்ணணும். ஃபிரோசாபாத் கண்ணாடி உலைகளுக்கும் கெயில் குழாய் வந்து சேர்ந்தது அதே வழக்கோட புண்ணியத்துலதான்.

தீர்ப்பைக் குறை சொல்ல நான் வரல. ஊர் மூச்சு விட்டுச்சு, அது நிஜம். ஆனா தீர்ப்பு எதை எரிக்கணும்னுதான் சொல்லிச்சு, எப்படி எரிக்கணும்னு சொல்லல. கோர்ட் அதைச் சொல்லவும் முடியாது. சொல்லியிருக்க வேண்டிய இன்ஜினியருங்க நம்மள மாதிரி வேற எங்கயோ ஆணி புடுங்கிட்டு இருந்தாங்க :-)

அங்க நடந்தது என்னன்னா, நிறையப் பேரு பழைய உலையிலயே நிலக்கரி எரியற கம்பித் தட்டைப் பிடுங்கிட்டு, அந்த ஓட்டையில ஒரு கேஸ் குழாயை விட்டாங்க. அவ்வளவுதான் மாற்றம். பக்கத்து ஊரு லேத்துல ஒரு பர்னர் மாதிரி ஒண்ணைக் கடைஞ்சு வாங்கி மாட்டினா வேலை முடிஞ்சுது. புகை நின்னுச்சு, கோர்ட் அமைதியாச்சு. கேஸ் பில் மட்டும் எகிறிச்சு.

ஏன்னு புரியணும்னா நிலக்கரித் தீயும் கேஸ் தீயும் ஒரே சாதி இல்லைங்கறதைப் புரிஞ்சுக்கணும். நிலக்கரி எரியும்போது தீக்குள்ள கோடிக்கணக்கான கரித்துகள் தகதகன்னு மிதக்கும். அந்த மஞ்சள் நிறம் அதோடதுதான். ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி சூரியன். அது தன் வெப்பத்தைச் சுத்தி இருக்கிற பானை மேல நேரா வீசும். (இங்க பானைன்னு சொல்றது கண்ணாடி உருக்குற பெரிய களிமண் மூசை. ஒரு வட்ட உலைக்குள்ள இந்த மாதிரிப் பல பானை நிக்கும்.) நல்லா கலந்து எரியற கேஸ் தீ அப்படி இல்ல, நீலம். பாதி கண்ணுக்கே தெரியாது. அதுல வெப்பத்தை வீசறது சூடான கார்பன் டையாக்சைடும் நீராவியும்தான், அதுவும் அகச்சிவப்புல சில பட்டைகள்ல மட்டும். தீ அதே சூட்டுல இருந்தாலும் வீச்சு குறைவு. அதனால கேஸ் உலையில தீ நேரடியா பானையைச் சுடறதை விட, முதல்ல கூரைச் செங்கல்லைச் சுட்டு, கூரை திருப்பி பானையைச் சுடணும். அப்ப கூரை எவ்வளவு உசரம், தீ எந்தப் பக்கம் போகுது, புகை வெளியேற முன்னாடி உள்ள எவ்வளவு நேரம் சுத்துது, எல்லாத்தையும் புதுசா கணக்குப் போடணும். நிலக்கரிக்குக் கட்டின உலையில இதுல ஒண்ணு கூட கேஸுக்குப் பொருந்தாது. தீ உள்ள வந்து "ஹலோ" சொல்லிட்டு நேரா புகைபோக்கி வழியா வெளிய போயிடும்.

அடுத்தது காத்து. இதுதான் இந்த விஷயத்தோட இதயம், அதனால கொஞ்சம் கணக்கு. தூக்கம் வந்தா அடுத்த பத்திக்குத் தாவிடுங்க.

ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுசா எரியணும்னா ஒன்பதரை கன மீட்டர் காத்து வேணும். அதுக்கு ஒரு சொட்டு குறைஞ்சாலும் கேஸ் எரியாம போகும், கார்பன் மோனாக்சைடு வரும். அதனால கொஞ்சம் கூட விடுவோம். பத்து சதவீதம் உபரின்னு வச்சுக்குவோம். கண்ணாடி உலையில இருந்து வெளிய போற புகை 1200 டிகிரியில போகுதுன்னு வச்சு ஒரு ரஃப் கணக்கு போட்டுப் பாத்தேன். கேஸோட வெப்பத்துல சுமார் 60 சதவீதம் புகையோட போயிடுது. உலைக்குன்னு மிஞ்சறது 40. இதுவே உபரிக் காத்து 50 சதவீதம்னா? புகையோட போறது 79, மிஞ்சறது 21! சும்மா கூடுதலா வந்த காத்தை 1200 டிகிரிக்கு சூடாக்கி வானத்துக்கு அனுப்பின செலவு அது. அதே வேலையைச் செய்ய ஏறக்குறைய ரெண்டு மடங்கு கேஸ். பர்னரை மாத்தல, செங்கல்லை மாத்தல, ஒரு வால்வைத் திருகின கோணம் வேற, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டு அடுப்புல இது நமக்கு உறைக்காது. நம்ம ஊரு எல்பிஜி அடுப்புக்கு இந்தியத் தர விதிப்படி குறைஞ்சது 68 சதவீதத் திறன் இருக்கணும். ஏன் முடியுதுன்னா பாத்திரத்துல கொதிக்கிற தண்ணி 100 டிகிரிதான், புகை அதுகிட்ட நிறைய வெப்பத்தைக் கொடுத்துட்டுத்தான் போகும். கண்ணாடி உருகுறது 1300, 1400ல. அதைத் தொட்டுட்டுப் போற புகை அதை விட ரொம்பக் குளிர்ந்து போக வழியே இல்ல. உலை எவ்வளவு சூடோ அவ்வளவு காசு புகைபோக்கியில. இது யாரும் செஞ்ச தப்பு இல்ல, இயற்கை விதி. அந்த விதிக்குள்ள எவ்வளவு புத்திசாலித்தனமா நடந்துக்கறோம்ங்கறதுதான் வடிவமைப்பு.

ஒரு சனிக்கிழமை ரூம்மேட் "சும்மா வாடா மச்சான், ரொட்டியும் பேட்டாவும் வாங்கித் தரேன்"னு என்னையும் ஒரு உலைக்குக் கூட்டிட்டுப் போனான். (பேட்டா ஆக்ரா இனிப்பு. பூசணிக்காய். நமக்கு செட் ஆகல.) உலை முதலாளி ஒரு லாலாஜி. உலையைப் பாத்துக்கறவர் அறுபது வயசு உஸ்தாத், நிலக்கரி காலத்துல இருந்து அங்க இருக்கார். நண்பன் புகைப் பாதையில, உலையை விட்டு வெளிய வர்ற இடத்துலயே கருவியை நுழைச்சான். இடம் முக்கியம். தள்ளிப் போய் புகைபோக்கி அடியில அளந்தா, வழியில விரிசல்ல நுழையற காத்தெல்லாம் சேர்ந்து பொய் சொல்லும். ஆக்சிஜன் 9 சதவீதம்னு காட்டுச்சு. அதாவது உபரிக் காத்து 65 சதவீதத்துக்கு மேல. மேல நான் போட்ட கணக்குல பயமுறுத்தின 50ஐயே தாண்டியாச்சு. அதைவிட வேடிக்கை, அதே புகையில கார்பன் மோனாக்சைடும் கணிசமா இருந்துச்சு. காத்து தேவைக்கு மேல இருக்கு, ஆனா கேஸ் பாதி எரியாமப் போகுது. கல்யாண வீட்டுல ஒரு பந்தியில சாப்பாடு மிஞ்சுது, அடுத்த பந்தியில ஆளு பசியோட நிக்கறான்னா சமையல்ல குறை இல்ல, பரிமாறுறதுல குறை. அதே கதைதான். கேஸும் காத்தும் கலக்கவே இல்ல. கேஸ் ஒரு பக்கம் சோம்பேறியா நீள நாக்கா போகுது, காத்து இன்னொரு பக்கம் பானை எடுக்குற வாசல் வழியா தானா உள்ள வருது.

நண்பன் உஸ்தாத் கிட்ட தனக்குத் தெரிஞ்ச இந்தியில மெதுவா ஆரம்பிச்சான். "உஸ்தாத், தீ இவ்வளவு மஞ்சளா இருக்கக் கூடாது. காத்தைச் சரியா கலந்து நீலமாக்கணும்."

அவர் சிரிச்சார். "பேட்டா, நீ மெஷின்ல பாக்குற, நான் கண்ணால பாக்குறேன். நீலமாக்கினா பானை ஆறிடும். செஞ்சு பாத்திருக்கேன்."

திரும்பி வர்ற பஸ்ல நாங்க இதைத்தான் பேசிட்டு வந்தோம். அவரைப் படிக்காதவர்னு ஒதுக்கறது ரொம்ப சுலபம். ஆனா அவர் சொன்னது சரி! அந்த உலையில தீயை நீலமாக்கினா பானை ஆறத்தான் செய்யும். மஞ்சள் தீயில கரித்துகள் இருக்கு, அது பானை மேல வெப்பம் வீசுது. நீலத் தீக்கு வேண்டிய கூரை அமைப்பு அங்க இல்ல. அவர் தன் கையில இருக்கிற தப்பான உலைக்குச் சரியான வைத்தியம் பண்ணிட்டு இருக்கார். முப்பது நாப்பது வருஷ அனுபவம் ஒரு மோசமான பெட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. பெட்டியை மாத்தாம அவர் பழக்கத்தை மாத்தச் சொன்னா எவன் கேப்பான்?

அப்ப நல்ல பெட்டி எப்படி இருக்கும்? மூணு விஷயம் போதும், அதுல ரெண்டு சட்டுனு சொல்லிடலாம். ஒண்ணு, கேஸும் காத்தும் அளவா, ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்ட மாதிரி வரணும். காத்து அழுத்தம் ஏறினா கேஸும் தானா ஏறணும், இறங்கினா இறங்கணும். இதுக்கு ஒரு ரெகுலேட்டர் போதும், ராக்கெட் சயின்ஸ் இல்ல. ரெண்டு, உலைக்குள்ள அழுத்தம் வெளிக்காத்தை விட ஒரு மயிரிழை கூட இருக்கணும். குறைஞ்சா ஒவ்வொரு விரிசலும் குளிர்ந்த காத்தை உறிஞ்சும். ரொம்பக் கூடினா தீ வாசல் வழியா எட்டிப் பாத்து வேலையாளு முகத்தைச் சுடும். புகைபோக்கித் தகட்டை ஏத்தி இறக்கி இதைப் பிடிக்கணும்.

மூணாவதுதான் ஹீரோ. ரெகுபரேட்டர். தமிழ்ல சொன்னா வெப்ப மீட்பான். வெளிய போற 1200 டிகிரி புகையை ஒரு உலோகக் குழாய் வழியா விட்டு, அந்தக் குழாயைச் சுத்தி எரியப் போற காத்தை அனுப்பு. காத்து 500 டிகிரிக்கு சூடாகி உள்ள வந்துச்சுன்னா, புகையோட போற வெப்பத்துல ஒரு பங்கு திரும்ப வீட்டுக்கு வந்திருச்சு. என் அதே ரஃப் கணக்குல 40 சதவீதம்ங்கறது 60 சதவீதத்துக்குப் பக்கத்துல போகுது. கேஸ் செலவு மூணுல ஒரு பங்கு மிச்சம்.

இது ஏதோ நாசா கண்டுபிடிப்பு இல்லீங்க. ஃபிரிட்ரிக் சீமென்ஸ் 1856லயே இதோட அண்ணனுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். புகையைச் செங்கல் அடுக்கு வழியா விட்டுச் சூடாக்கி, அப்புறம் திசையை மாத்தி அதே செங்கல் வழியா காத்தை உள்ள இழுக்குறது. அவர் அண்ணன் வில்லியம் சீமென்ஸ் அதை இங்கிலாந்துல பரப்பினார். பர்மிங்காம் பக்கத்துல சான்ஸ் பிரதர்ஸ் கண்ணாடித் தொழிற்சாலையில இந்த உலை போட்டாங்க. அதைப் போய்ப் பாத்து அசந்து போனவர் யாரு தெரியுமா? மைக்கேல் ஃபாரடே! ராயல் இன்ஸ்டிடியூஷன்ல அவர் கொடுத்த கடைசி வெள்ளிக்கிழமை உரை, 1862 ஜூன் 20, எதைப் பத்தின்னா சீமென்ஸோட கேஸ் உலையைப் பத்தி. மின்காந்தத்தையே புரட்டிப் போட்ட மனுஷன் கடைசியா மேடையேறிப் பேசினது ஒரு அடுப்பைப் பத்தி. எனக்கு இதைப் படிச்சப்ப ஒரு மாதிரி ஆயிருச்சு. நம்ம காலேஜ்ல ஃபர்னஸ்னா கடைசி யூனிட், சாய்ஸ்ல விட்டுடலாம்.

சீமென்ஸ் எரிச்சது குழாய்ல வர்ற இயற்கை எரிவாயு இல்ல, நிலக்கரியில இருந்து எடுத்த கேஸ். ஆனா தத்துவம் அதேதான். ஆக, 1862ல தெரிஞ்ச ஒரு விஷயம் இல்லாமலேயே 1997ல ஒரு ஊரு கேஸுக்கு மாறிச்சு. அதுதான் என் ஆதங்கம்.

யாருமே ஒண்ணும் பண்ணலன்னு சொன்னா அது பொய். டில்லியில இருக்கிற டெரி நிறுவனம், சுவிட்சர்லாந்து அரசோட வளர்ச்சி உதவி அமைப்போட சேர்ந்து ஃபிரோசாபாத்துல உக்காந்து வேலை பார்த்தது. கேஸுக்குன்னே தனியா ஒரு பானை உலை, ரெகுபரேட்டரோட வடிவமைச்சு, 2000 வாக்குல முதல் உலையை ஓட விட்டுக் காட்டினாங்க. பழைய நிலக்கரி உலையோட ஒப்பிட்டா ஏறக்குறைய பாதி எரிசக்தி மிச்சம். குழாயை மட்டும் மாட்டின திடீர் கேஸ் உலையோட ஒப்பிட்டா மூணுல ஒரு பங்கு மிச்சம். மனக்கணக்கும் களமும் ஒரே இடத்துல வந்து நிக்குது பாருங்க. அப்புறம் டஜன் கணக்குல முதலாளிங்க அதே மாதிரி உலை கட்டிக்கிட்டாங்க. என்னைக் கேட்டா, தாஜ் வழக்கைப் பத்தி எழுதுறவங்க தீர்ப்புக்கு ஒதுக்குற பக்கத்துல கால்வாசியாவது இந்த உலைக்கு ஒதுக்கணும். ஆனா தீர்ப்புக்கு ஹீரோ இருக்கார், வில்லன் இருக்கார், பளிங்கு இருக்கு. ரெகுபரேட்டருக்கு என்ன இருக்கு, துருப்பிடிச்ச குழாய்.

இப்ப என் கருத்துக்கு வரேன். ரெண்டு கட்சிக்காரங்களோட எனக்குச் சண்டை.

முதல் கட்சி "கேஸ்தான் வந்தாச்சே" கட்சி. இவங்களுக்குப் புகை கண்ணுக்குத் தெரியலைன்னா பிரச்சனை முடிஞ்சுது. ஒரு டன் கண்ணாடியை உருக்கத் தத்துவப்படி வேண்டியது 2.7 கிகாஜூல் வாக்குல. கேஸ் கணக்குல 75 கன மீட்டர். பழைய பானை உலைங்க அதைப் போல பல மடங்கு குடிக்கும். அந்த மிச்சம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கார்பன் டையாக்சைடா போகுது, வேலை பாக்குறவன் தோல் மேலயும் போகுது. உலை வாசல்ல நிக்கிற ஆளு மே மாசத்துல அனுபவிக்கிற சூடு ஒரு வடிவமைப்புக் குறை, விதி இல்ல. வீணாகற வெப்பம்னு அறிக்கையில ஒரு எண் வருதே, அது ஒருத்தன் முதுகுல வழியற வேர்வை.

ரெண்டாவது கட்சி "விலையை ஏத்து, தானா திருந்துவான்" கட்சி. நம்ம பதிவுலகப் பொருளாதார சிங்கங்கள்ல பலர் இந்தக் கட்சின்னு தெரியும். பாதி சரிதான். கோர்ட் உத்தரவால கேஸ் வாங்கறவங்களுக்கு அரசு சலுகை விலை கொடுத்தது, 2005ல விலை முறையை மாத்தினப்பவும் அவங்களைச் சலுகைப் பட்டியல்லயே வச்சது. கேஸ் மலிவா கிடைக்கிறப்ப எவன் செங்கல்லைப் பிரிச்சுக் கட்டுவான்? ஆனா மறுபக்கத்தையும் பாருங்க. 2022ல உக்ரைன் போருக்கப்புறம் எல்என்ஜி விலை உலகம் முழுக்க எகிறிச்சே, விலை ஏறின உடனே உலைங்க தானா திருந்திடுமா? பானை உலை ராத்திரி பகல் அணையாம ஓடற ஜென்மம். ஸ்விட்ச் ஆஃப் பண்ணி பேட்ச் போட்டு ரீஸ்டார்ட் பண்ண அது நம்ம சர்வர் இல்ல. அணைச்சு ஆறவிட்டா செங்கல் வெடிக்கும், பானை வெடிக்கும். உலையோட ஆயுள் முடிஞ்சு பிரிச்சுக் கட்டற அந்த ஒரு சமயத்துலதான் புது வடிவத்துக்கு மாற முடியும். அந்த நேரத்துல கையில காசு இருக்கணும், வரைபடம் இருக்கணும், அதைக் கட்டத் தெரிஞ்ச கொத்தனார் இருக்கணும். மூணும் ஒண்ணா அமையலைன்னா மேஸ்திரி பழைய வடிவத்தையே கட்டிட்டுப் போவார். அடுத்த சான்ஸ் அந்த உலையும் ஓடித் தேய்ஞ்சு ஓய்ஞ்ச பிறகுதான்.

லாலாஜி கிட்ட ஏன் நீங்க ரெகுபரேட்டர் வைக்கலன்னு கேட்டோம். "வச்சேன், எரிஞ்சு போச்சு"ன்னார். கரண்ட் போயிருக்கு, ப்ளோயர் நின்னுருக்கு, குழாய்க்குள்ள 1200 டிகிரி புகை ஓடிக்கிட்டே இருக்கு, வெளிய குளிர வைக்கக் காத்து இல்ல. உலோகம் என்ன பண்ணும்? சுருண்டுருச்சு. ஜெனரேட்டர் தானா ஸ்டார்ட் ஆகற மாதிரி ஏற்பாடும், புகையைத் திருப்பி விட ஒரு மாற்றுப் பாதையும் இருந்திருந்தா பிழைச்சிருக்கும். விக்கிறவன் அதைச் சொல்லல. அவர் அதுக்கப்புறம் அந்த வார்த்தையைக் கேட்டாலே கும்பிடு போடறார். ஒரு தடவை கை சுட்ட மனுஷன்கிட்ட விலையேத்தம் என்ன பேசும்?

அதனால நான் சொல்றது இதுதான். சலுகையை கேஸ் விலையில கொடுக்காதீங்க, உலையில கொடுங்க. மலிவு கேஸ் வேணும்னா புகைப் பாதையில ஒரு ஆக்சிஜன் மீட்டர் மாட்டியிருக்கணும்னு நிபந்தனை போடுங்க. ஒரு டன் கண்ணாடிக்கு இத்தனை கன மீட்டருக்கு மேல போனா சலுகை குறையும்னு சொல்லுங்க. உலையைப் பிரிச்சுக் கட்டற நேரத்துல வட்டி கம்மியா கடனும், கட்டத் தெரிஞ்ச கொத்தனாரும் கிடைக்கட்டும். ரெகுபரேட்டரோட கரண்ட் கட் பாதுகாப்பும் சேர்த்துத்தான் விக்கணும்னு விதி வைங்க. உஸ்தாதுக்கு ஒரு மீட்டரைக் கொடுத்து ஒரு மாசம் அவர் இஷ்டத்துக்கு விளையாட விடுங்க, யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மஞ்சள் தீயில இவ்வளவு கத்துக்கிட்டவர் மீட்டர்ல கத்துக்க மாட்டாரா? இதுல எதுக்கும் புது விஞ்ஞானம் வேண்டாம். பட்ஜெட் உரையில நாலு வரி கைதட்டல் வாங்காதுங்கறது மட்டும்தான் குறை.

பழைய கதையை இன்னைக்கு ஏன் கிளறுறன்னு கேட்டா, கதை பழசாகல. குஜராத்ல மோர்பியில டைல்ஸ் தொழிற்சாலைங்க நிலக்கரி கேஸிஃபையரை மூடணும்னு 2019ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. மறுபடியும் எதை எரிக்கணும்ங்கற உத்தரவு. இயற்கை எரிவாயு விலை ஏறினதும் பலர் புரோப்பேனுக்குத் தாவினாங்க. எரிபொருள் மாறிக்கிட்டே இருக்கும்ங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா? இப்ப அடுத்த ஃபேஷன் ஹைட்ரஜன். ஹைட்ரஜன் தீயில கார்பனே இல்ல, அதனால கரித்துகளும் இல்ல, கண்ணுக்கே சரியா தெரியாது. உஸ்தாதோட மஞ்சளுக்கு வேலையே கிடையாது. தீ சூடு அதிகம், அதனால காத்துல இருக்கிற நைட்ரஜன் எரிஞ்சு நைட்ரஜன் ஆக்சைடு கூடும். காத்தை முன்கூட்டியே சூடாக்கினாலும் அதே தொல்லை உண்டு, அதை நான் மறைக்கல. அதுக்கும் பர்னர் வடிவத்துலதான் மருந்து இருக்கு, புகையைத் திரும்ப தீக்குள்ள கலந்து சூட்டைப் பரப்பி விடற மாதிரி. ஆனா ஓட்டை உலையில விலை உசந்த ஹைட்ரஜனை விட்டா, அதே 1200 டிகிரியில அதே வாசல் வழியா அதைவிட விலை உசந்த புகைதான் வெளிய போகும். மானியம் மட்டும் பச்சை கலர்ல வரும்.

கோயம்புத்தூர் பக்கம் ஃபவுண்டரி, ஃபோர்ஜிங்னு இருக்கிற பதிவர்கள் நம்ம வட்டத்துல ரெண்டு மூணு பேரு இருக்கீங்கன்னு தெரியும். அங்க சூடாக்குற உலையில கேஸ் ஓட்டறவங்க யாராவது புகையில ஆக்சிஜன் அளக்குறீங்களா? எத்தனை காட்டுது? ரெகுபரேட்டர் வச்சு கரண்ட் கட்டுல தப்பிச்சவங்க எப்படித் தப்பிச்சீங்கன்னும் பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்த மாசம் நண்பன் லாலாஜியைத் திரும்பப் பார்க்கப் போறான், போகும்போது அவருக்குச் சொல்ல ஏதாவது வேணும்.